கமா அண்ணன் படித்த வரி

எங்கள் அகராதி அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கமா அண்ணன் என்றால்தான் திரும்புவார். கமாவையும் புள்ளியையும் வாயால் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவர். லத்தீன் சொற்களுக்குத் தமிழில் பொருள் தரும் பெரிய அகராதி ஒன்றைத் தயாரிப்பது எங்கள் வேலை. ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்ததை நான் கணினியில் பக்கமாக அடுக்கி, அச்சடித்துப் பக்கத்து மேஜைக்குக் கொடுப்பேன். அங்கே கமா அண்ணன் மூலப் பிரதியை உரக்கப் படிப்பார். எதிரே உட்கார்ந்து, நான் அடுக்கிய பக்கத்தில் விரலை ஓட்டியபடி கேட்பவர் அவருடைய கூடப் பிறந்த அக்கா. என் தப்பெல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரி அங்கேதான் வெளியே வரும். பல நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆனாலும் அந்த இரண்டு பேர் மேல் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள என்னால் முடிந்ததில்லை.

அக்காவை நாங்கள் டீச்சர் என்போம். முன்பு கல்லூரியில் லத்தீன் சொல்லிக்கொடுத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறார்.

படிப்பவருக்கு ஒரு சட்டம் உண்டு. ராகம் போட்டுப் படிக்கக் கூடாது. உணர்ச்சியோடு படித்தால் கேட்கிறவர் அதில் மயங்கி, பக்கத்தில் இல்லாத சொல்லையும் இருப்பதாக நினைத்துக்கொள்வார். அதனால் கொலையோ கல்யாணமோ, அண்ணனுக்கு ஒரே குரல்தான். "கொல், கமா, வெட்டி வீழ்த்து, அரைப்புள்ளி." படித்தது பக்கத்தில் இல்லையென்றால் டீச்சர், "என்கிட்ட அது இல்லை" என்பார். அண்ணன் இன்னொரு தடவை பார்த்து, "மூலத்துல இருக்கு" என்பார். அதற்கு மேல் பேச்சே கிடையாது. டீச்சர் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் எழுதிச் சேர்த்துவிடுவார். இல்லாததைத் தம்பி ஒரு நாளும் படிக்க மாட்டான் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் போயிற்று. "கல்யாணமான புதுசுல, 'இந்தப் புடவை உனக்கு நல்லாயிருக்கு, புள்ளி'ன்னார். எனக்கு எங்க போய் முட்டிக்கிறதுன்னு தெரியலை," என்று அவர் மனைவி என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அப்படிப்பட்ட மனிதர்தான் போன வாரம் பொய் சொல்லிவிட்டு வந்து நின்றார்.

டீச்சர் கழுத்தில் ஒரு கட்டி. ஊசி வைத்துச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்த அன்று டீச்சர் ரத்தம் கொடுக்க வேறு அறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மருத்துவர் அண்ணனை உள்ளே கூப்பிட்டார். புற்றுநோய். மூச்சுக்குழாயை ஒட்டி வளர்கிறது. வருகிற வெள்ளிக்கிழமையே அறுத்து எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போட்டால் எதுவும் சொல்ல முடியாது என்றார். வியாழன் மாலைக்குள் நோயாளியே சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த நாள் அடுத்த நோயாளிக்குப் போய்விடும். "நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். இவர் பெரிய வீரன் மாதிரி, "நானே சொல்றேன்" என்றிருக்கிறார்.

வெளியே டீச்சர், கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றிருந்தார். "என்னவாம்?"

"ஒண்ணுமில்லக்கா. சாதாரணக் கட்டிதான்."

"அப்பாடா. நீ சொன்னா சரிதான்," என்று சொல்லிவிட்டு, டீச்சர் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாராம்.

மறுநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அண்ணன் இதை என்னிடம் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"மூளையைக் கழட்டி வச்சிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களே, அண்ணா."

"வாய் தானா சொல்லிடுச்சும்மா."

"அப்ப அதே வாயால மாத்திச் சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்."

"வேண்டாம். பொய் சொன்னது நான். நான்தான் சொல்லணும்."

சொல்ல வேண்டுமே. அன்று சாயங்காலம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறியிருக்கிறார். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வாசல்படியிலேயே நின்று, "ஃபேன் நல்லா ஓடுதாக்கா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டார். அடுத்த நாள் காலையிலும் போனார். ஃபேன் அப்போதும் நன்றாகத்தான் ஓடியது. கீழே அடுப்படியில் அழுதுகொண்டிருந்த மனைவியை டீச்சர் பார்த்துவிட, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்தார்கள். அந்த வீட்டில் அத்தனை பேருக்கும் தெரியும், தெரிய வேண்டியவரைத் தவிர.

எனக்கும் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு காலையும் டீச்சர் உள்ளே வரும்போது முகத்தைப் பார்ப்பேன். பளிச்சென்று இருக்கும். அண்ணன் இன்னும் சொல்லவில்லை என்று தெரிந்துவிடும். டீச்சரோ கழுத்தைத் தடவியபடி, "சாதாரணக் கட்டிக்கு என்ன வலி வலிக்குது, பாரேன்" என்று என்னிடமே சொல்வார். நான் கணினிக்குள் தலையை நுழைத்துக்கொள்வேன்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த வாரம் மேஜைக்கு வந்திருந்தது 'டீக்கெரெ' என்ற வினைச்சொல். சொல்லுதல் என்று அர்த்தம். லத்தீன்காரர்கள் அதை வைத்துக்கொண்டு என்னென்னவோ செய்திருக்கிறார்கள். சொல்லுவார்கள், பெயரிடுவார்கள், ஒருவரைப் பதவிக்கு நியமிப்பார்கள், வழக்குக்கு நாள் குறிப்பார்கள், நீதிமன்றத்தில் வாதாடுவார்கள், பாட்டுக்கூடப் பாடுவார்கள். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். எங்கள் அண்ணனுக்கோ முதல் பொருளுக்கே வாய் வரவில்லை.

வியாழக்கிழமை வந்துவிட்டது. காலை போனது, சாப்பாட்டு நேரம் போனது. நான் இரண்டு தடவை அவர் மேஜைப் பக்கம் போய் வேண்டுமென்றே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு அதே குரலில் படிக்கத் தொடங்கினார்.

"எண் நான்கு. நாள் குறி, கமா, விசாரணைக்கு நாள் குறி, அரைப்புள்ளி. எடுத்துக்காட்டு, முக்காற்புள்ளி, டியெம் டீக்கெரெ, புள்ளி."

"ம்," என்றார் டீச்சர்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"கழுத்தில் இருப்பது, கமா, சாதாரணக் கட்டி இல்லை, புள்ளி. புற்றுநோய், புள்ளி. அறுவை சிகிச்சைக்குக் குறித்த நாள், கமா, வெள்ளிக்கிழமை, புள்ளி."

என் விரல் தட்டச்சுப் பலகை மேல் அப்படியே நின்றுவிட்டது. டீச்சரின் விரலும் பக்கத்தில் நின்றது. கொஞ்ச நேரம் அந்த வரியைத் தேடுகிறவர் மாதிரி மேலும் கீழும் பார்த்தார்.

"என்கிட்ட அது இல்லை," என்றார்.

"மூலத்துல இருக்கு."

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"திரும்பப் படி."

அண்ணன் திரும்பப் படித்தார். ஒரு கமாவையும் விடவில்லை. கடைசிப் புள்ளியில்தான் குரல் உடைந்தது. "அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் தப்பாப் படிச்சிட்டேன்க்கா," என்றார்.

டீச்சர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்று பயந்தேன். அவர் கழுத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமைன்னா, நாளைக்கா?"

"ஆமா. சாயங்காலத்துக்குள்ள நீ சரின்னு சொல்லணும். நீதான் சொல்லணுமாம்."

"நம்பரைப் போட்டுக் குடு."

மருத்துவமனையில் யார் எடுத்தார்களோ, டீச்சர் தன் பெயரைச் சொன்னார், வயதைச் சொன்னார், "சம்மதம்" என்றார். எத்தனை மணிக்கு வர வேண்டும், எதுவரைக்கும் சாப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டார். பிறகு போனைத் தம்பியிடம் கொடுத்து, "மேலே படி, பக்கம் பாதியில நிக்குது" என்றார்.

அண்ணன் வாயைத் திறந்தார். 'எண்' என்பதோடு நின்றுவிட்டார். கண்ணீர் வழிந்து தாடையில் நின்றது. டீச்சர் எழுந்து, அவர் முன்னாலிருந்த பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அடுக்கிய பக்கத்தை அவரிடம் தள்ளினார். எனக்குத் தெரிந்து அந்த மேஜையில் டீச்சர் படித்து அண்ணன் கேட்டது அன்றைக்குத்தான்.

"எண் ஐந்து," என்று தொடங்கினார். "வழக்கில் வாதாடு, கமா, தன் தரப்பை எடுத்துச் சொல், புள்ளி."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை வரியில் வைத்தார். டீச்சர் அடுத்த வரிக்குப் போகவில்லை. கண் பிரதியில்தான் இருந்தது.

"எனக்குப் பயமா இருக்கு, புள்ளி," என்று படித்தார்.

அண்ணனின் விரல் பக்கத்தை விட்டு நகரவில்லை.

"என்கிட்டயும் இருக்குக்கா," என்றார். "மேலே படி."