கால் போன குளவிகள்

ஈஸ்டருக்கு முந்தைய வியாழனன்று பூச்சி ஆய்வாளன் கேலம் ரூட்டர் மரீபா ஊரை விட்டுக் கிளம்பினான். வெர்னா கிட்சன் வளர்த்து, உலர்த்தி வைத்திருந்த குளவிகளில் பாதியைப் பெட்டியோடு முன்சீட்டில் வைத்து சீட்பெல்ட்டும் மாட்டினான். தலைநகரத்துப் பூச்சிச் சேகரத்துக்கு அவை போகின்றன. கேட்டருகே நின்ற வெர்னா கையசைக்கவில்லை.

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். காலைச் சுற்றுக்கும் மாலைச் சுற்றுக்கும் நடுவே யூகலிப்டஸ் கிளைகளில் புழு தேடுவாள். டப்பாவுக்கு ஒரு புழு, மூடியில் ஓர் எண், நோட்டில் அதே எண்ணில் குறிப்பு. சில புழுக்களின் தோலைத் துளைத்துக்கொண்டு, உள்ளேயே தின்று வளர்ந்த குளவிப் புழுக்கள் வெளியே வந்து கூடு கட்டும். அவற்றிலிருந்து வரும் குளவிகள் எறும்பளவுதான், எல்லாம் கறுப்பு.

ஐந்து நாள் அவள் வீட்டில் தங்கி லென்ஸில் பார்த்த கேலம், எல்லாம் ஒரே இனம் என்றான். வெர்னா நாலு இனம் என்றாள். பச்சைப் புழுவில் வந்தவை வெள்ளைக் கூடு கட்டும், ரோமப் புழுவில் வந்தவை மஞ்சள். மற்ற இரண்டு வகைப் புழுக்களில் வந்தவற்றுக்கும் தனித்தனிக் கூடு. ஒரே இனம் என்று ஆகிவிட்டால் அவளுடைய பன்னிரண்டு வருஷ நோட்டு வெறும் பொழுதுபோக்கு.

அன்று மாலை, தன்னிடம் மீதமிருந்த குளவிகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பின்னங்காலைக் காணோம். உடனே போன் போட்டாள்.

"ஏம்ப்பா, என் குளவிக்கெல்லாம் கால் எங்க?"

"டிஎன்ஏ பார்க்க எடுத்தேன் வெர்னா. எல்லாரும் ஒரு கால் எடுக்கறதுதான். சொல்ல மறந்துட்டேன்."

"அஞ்சு நாள் இங்க சாப்பிட மட்டும் மறக்கல."

ஒரே இனம் என்று அத்தனை உறுதியாகச் சொன்னவனுக்கு டிஎன்ஏ எதற்கு? தன் நாலு இனத்தை அவன் பெயரில் போட்டுக்கொள்ளப் போகிறான் என்று கணவன் டெஸ்ஸிடம் சொன்னாள்.

"பசங்க டிபன் டப்பாவையே சந்தேகப்படறவ நீ" என்றான் டெஸ்.

கேலம் நோட்டின் நகல் கேட்டு மூன்று கடிதம் போட்டான். ஏழு மாதம் பதில் இல்லை. எந்தக் காலுக்குரிய குளவி எந்தப் புழுவில் வந்தது என்று நோட்டு இல்லாமல் அவனால் சொல்ல முடியாது. அவனைவிட அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அனுப்பாவிட்டால் தன் நாலு இனமும் நிரூபணமாகாது. கடைசியில், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் தேதியும் போட்டுப் படமெடுத்து அனுப்பினாள்.

இரண்டு வருஷம் கழித்து, பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது.

"வெர்னா, நாலு இனம்தான். நான் சொன்னது தப்பு. கட்டுரையில என் பேரோட உங்க பேரும் வருது. 212-ஆம் டப்பா மட்டும் இடிக்குது. பச்சைப் புழுன்னு எழுதியிருக்கீங்க, கூட்டோட நிறம் எழுதல. வந்திருக்கறது ரோமப் புழுவோட குளவி. இலையோட ஒரு குட்டி ரோமப் புழுவும் டப்பாவுக்குள்ள போயிடுச்சா? நானா எதையும் மாத்த மாட்டேன். நீங்களே சொல்லுங்க."