பெயர் சொன்னால் "ஓம்" கேட்கும் பூங்கா

ஓகஸ்ட் விடுமுறையின் முதல் வாரம் யாழ்ப்பாணம் போனேன். வவுனியாவில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். எங்கள் சுற்றாடல் கழகப் பிள்ளைகள் முப்பது பேருக்கு மரங்களை அறிமுகப்படுத்த ஓர் இடம் தேடித்தான் இந்தப் பயணம். மானிப்பாய்க்கும் உடுவிலுக்கும் இடையில், குப்பை கொட்டிய வெறுங்காணியை ஊர்க்காரர் பூங்காவாக்கியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

காலை ஐந்தரைக்கு பஸ் ஏறி ஒன்பதரைக்கு யாழ்ப்பாணத்தில் இறங்கினேன். சாப்பிட்டு, நகரில் வேறு அலுவல்களையும் முடித்துக்கொண்டு பதினொன்றரைக்கு மானிப்பாய் பஸ். எட்டுக் கிலோமீற்றர், எழுபது ரூபாய். அங்கிருந்து ஓட்டோவில் இன்னும் இரண்டு கிலோமீற்றர், முந்நூறு ரூபாய். பூங்காவுக்கு ஐம்பது மீற்றர் முன்பே ஓட்டோக்காரர் நிறுத்திவிட்டார்.

"மத்தியானத்திலை ஒருத்தரும் உதுக்குள்ளை போறேல்லை, அண்ணை," என்றார். சந்திக் கடையில் நிற்பதாகச் சொல்லி, என் முகத்தைப் பார்க்காமலே ஓட்டோவைத் திருப்பினார். நான் சிரித்தேன். விஞ்ஞான வாத்தியார் அல்லவா!

வாசல் கொட்டிலில் மரக்கன்று ஒன்று நூற்றைம்பது ரூபாய். வெறுங்கிடங்கு, அதாவது மரமில்லாத குழி, இருந்தால் நாமே நடலாம் என்று எழுதியிருந்தது. ஒரு மருதங்கன்று வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். வேம்பு, இலுப்பை, நாவல் எல்லாம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தன. ஆனால் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. மரங்களின் கீழே பலகைகள் பாதையைப் பார்த்தபடி நின்றன. ஒன்றிலும் மரத்தின் பெயர் இல்லை. மனிதப் பெயர், இரண்டு திகதிகள், அவ்வளவுதான்.

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தவர்களுக்கு மரக்கன்று கொடுப்பது இங்கே இப்போது வழக்கம். இந்த ஊரில் இறந்தவர் பெயரில் ஒரு கன்றைப் பூங்காவிலும் நட்டுவிடுகிறார்கள். நல்ல விசயம்தான். ஆனால் நட்டநடு மத்தியானம், தனியாக, அத்தனை பேருக்கு நடுவில் நடக்க எனக்கு முதுகு கூசியது. பயத்தைப் போக்கப் பெயர்களை உரக்க வாசித்தேன். பழக்கதோசம், வகுப்பில் வரவு இடாப்புக் கூப்பிடுவதுபோலவே வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஒரு கணம் நின்றேன்.

மூன்றாம் வரிசையின் கடைசியில் மரமில்லை, கிடங்கு மட்டும்தான். சுற்றிவர மண் வெடித்துக் கிடக்க, அந்தக் கிடங்கு மட்டும் ஈரமாக இருந்தது. பலகையில் ஒரே ஒரு திகதி. "குகதாசன்," என்று வாசித்தேன்.

"ஓம்," என்று பதில் சொன்னது பின்னால் ஒரு குரல்.

கன்று கையிலிருந்து விழுந்துவிட்டது. திரும்பினால், வாளியோடு ஓர் அம்மா. அறுபது வயதிருக்கும், இரண்டு கண்ணிலும் வெள்ளைப் படலம்.

"பயந்திட்டியளோ தம்பி? என்ரை மகன். அவன்ரை பேரை ஆர் கூப்பிட்டாலும் நான் ஓம் எண்டுவன்."

யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவராம். அம்மாவின் மகள்தான் கிடங்கு வெட்டிப் பலகையும் நட்டாராம். மரம் வைக்க மட்டும் அம்மா விடவில்லை.

"மரம் வைச்சால் பிள்ளை இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி. அவன் வந்து தன்ரை கையாலை நடட்டும்."

மகன் வரும் நாளில் மண் இறுகிக் கிடக்கக் கூடாதென்று அம்மா நாளும் தண்ணீர் ஊற்றுகிறார். அந்த ஈரத்தில், பக்கத்து வேம்பின் விதை விழுந்து தானாக முளைக்கிறது. ஒவ்வொரு வருடமும் முளைக்கிறது, ஒவ்வொரு முளையையும் தடவித் தடவிப் பிடுங்குகிறார். வேப்பம்பழக் காலத்தில் முளைப்பது இயல்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மயிர் கூச்செறிந்தது.

அம்மா குந்தியிருந்து, விரல்களால் மண்ணைத் துழாவினார்.

"கண் தெரியேல்லை, தம்பி. இண்டைக்கு ஏதும் கிடக்கோ?"

கிடந்தது. அவர் விரலுக்கு ஒரு சாண் தள்ளி, இரண்டு இலையோடு.

"இல்லை அம்மா," என்றேன்.

செடியைப் பிடுங்காதே என்று பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறவன், குனிந்து அதைப் பிடுங்கினேன். வேர் விடுபட்ட மெல்லிய சத்தம் கேட்டது. அம்மா தலையைத் திருப்பினார். வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றினார்.

பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகத்தான் போகிறேன், ஆனால் காலை எட்டு மணிக்கு. நீங்கள் போவதானால் தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள். உள்ளே கடை இல்லை. என் மருதங்கன்றை நடாமல் வாசல் கொட்டிலில் விட்டுவந்தேன், அதை வேறு கிடங்கில் நடுங்கள். மூன்றாம் வரிசைக் கடைசியில் அம்மா உங்களிடமும் கேட்பார். முதலில் சத்தமில்லாமல் பிடுங்குங்கள், அதன் பிறகு இல்லை என்று சொல்லுங்கள். நான் மாறிச் செய்துவிட்டேன்.