மறுகாலில் எத்தனை கல்?

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். சங்கரன்கோவிலில் விடியும் முன்னே தொடங்கிய மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. காற்று இல்லை, இடி இல்லை, நிற்கிற எண்ணமும் அதற்கு இல்லை. நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. அந்த நிமிடத்தில்தான் என் கைபேசி அளவுக்கு மீறிச் சூடாகிவிட, வெடித்துவிடுமோ என்று பயந்து அதை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

கடிகாரம் பார்ப்பது என் பழைய தொழில். பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தேன். எந்த வண்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்று குறித்து வைப்பது வேலை. ஓய்வு பெற்ற பிறகு குறித்து வைக்க ஒன்றும் இல்லாமல் கை அரித்தது. அப்போதுதான் இணையத்தில் எங்கள் வட்டாரத்துக்கென்று ஒரு பஸ் நேரக் குழு இருப்பது தெரிந்து சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாம் மாதமே என்னையும் ஒரு அட்மின் ஆக்கிவிட்டார்கள். தப்பான நேரம் போட்டவர்களை எல்லாம் நான் விடாமல் திருத்திக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

குழுவைத் தொடங்கியவர் ஒரு கடையநல்லூர்க்காரர். ஷார்ஜாவில் மளிகைக் கடையில் கல்லாவில் இருக்கிறார். ஊரில் தனியாக இருக்கும் உம்மா ஆஸ்பத்திரிக்குப் போக எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று அங்கிருந்தே தெரிந்துகொள்ள ஆரம்பித்தது அது. மூன்றாவது அட்மின் வாசுதேவநல்லூரில் மருந்துக்கடை நடத்தும் பெண், வயல் உள்ள வீட்டுப் பிள்ளை. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. யார் எதை எழுதினாலும் எங்களில் ஒருவர் படித்து அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். சம்பளம் கிடையாது. "பென்சன் வாங்குதது ஒரு இடம், வேலை பாக்கது ஒரு இடம்" என்று என் மனைவி சொல்லுவாள்.

அன்று காலை குழுவில் 3,412 பேர் இருந்தார்கள். வழக்கமான நாளில் இருபது பதிவு வரும். ராஜபாளையம் வண்டி போய்விட்டதா என்று ஒருவர் கேட்பார். கரிவலம்வந்தநல்லூர் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டேன் என்று இன்னொருவர் எழுதுவார். பத்து மணி தாண்டியதும் குழுவில் சேர 2,000 பேருக்கு மேல் வாசலில் நின்றார்கள். படித்து அனுமதிக்க வேண்டிய பதிவுகள் 640. நான் ஒன்றைப் படிப்பதற்குள் பத்து வந்து விழுந்தது. எழுதியது பல பேர், விஷயம் ஒன்றுதான்: பெரியகுளம் உடைந்துவிட்டது.

நடந்தது இது. ஒன்பது மணி வாக்கில் ஒருவர் குழுவுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். நட்டு வைத்த கற்களுக்கு நடுவே தண்ணீர் குதித்து விழுகிறது. "பெரியகுளம் மறுகால் பாயுது, வந்து பாருங்க" என்று எழுதியிருந்தார். குளம் நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கட்டியிருக்கும் இடத்துக்குத்தான் மறுகால் என்று பேர். மறுகால் பாய்ந்தால் அந்த வருஷம் நெல்லுக்குக் கவலை இல்லை. மருந்துக்கடைப் பெண் சந்தோஷத்தில் அதை அனுமதித்துவிட்டாள். அதைப் பார்த்த எவரோ, மறுகால் என்ற வார்த்தையே தெரியாதவர், "பெரியகுளம் உடைந்து தண்ணீர் பாய்கிறது" என்று மாற்றி எழுதி நாலு குழுக்களில் போட்டுவிட்டார். எந்த ஊர்ப் பெரியகுளம் என்று முதலில் அனுப்பியவரும் சொல்லவில்லை, மாற்றியவரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு பெரியகுளம் உண்டு. ஒவ்வொரு ஊரும் அது தன்னுடைய குளம் என்று நம்பியது. வீடியோ முதலில் வந்த இடம் எங்கள் குழு என்பதால் எல்லாரும் எங்களிடம் ஓடி வந்தார்கள்.

வீடியோ அனுப்பியவருக்கு நான் மூன்று முறை செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு செம்பருத்திப் பூப்படம் மட்டும் இருந்தது.

மருந்துக்கடைப் பெண் கூப்பிட்டாள். "சார், தப்பு எம்மேலதான். ஊர் பேரு இல்லாம வுட்டுட்டேன். மறுகால்னு பாத்ததும் ஒண்ணும் தோணல." அழுவதற்கு நேரம் இல்லை, வந்தவர்களை உள்ளே விடுகிற வேலையை மட்டும் பார் தாயி, மற்றதை நான் பார்க்கிறேன் என்றேன். சொன்னேனே தவிர, மற்றதை எப்படிப் பார்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் ஷார்ஜாவிலிருந்து குரல் செய்தி வந்தது. அந்த மனிதர் எப்போதும் நிதானமாகப் பேசுவார். அன்று மூச்சு வாங்கியது. "அண்ணாச்சி, எங்க வீடு பெரியகுளத்துக் கரைக்குக் கீழதான் இருக்கு. உம்மாவுக்கு இடுப்பெலும்புல ஆபரேசன் ஆயி பதினோரு நாளுதான் ஆவுது. அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பக்கத்து வீட்டுக்காரங்க சேரோட தூக்கி ஆட்டோவுல ஏத்தணும்னு நிக்காங்க. ஆட்டோ வந்துக்கிட்டு இருக்கு. தூக்கவா, வேண்டாமா? உண்மையா பொய்யான்னு மட்டும் சொல்லுங்க."

வேண்டாம் என்று நான் சொல்லி, கரை உடைந்திருந்தால்? தூக்குங்கள் என்று சொல்லி, மழையில் அந்த அம்மாவின் இடுப்பு மறுபடி விட்டுப்போனால்? ஒரு வண்டியின் நேரத்தைக்கூட நான் கண்ணால் பார்க்காமல் எழுதியதில்லை. குளத்தைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள் என்று பதில் அனுப்பினேன். உடைந்துவிட்டது என்று நம்பிய பிறகு கரைப் பக்கம் போக ஒருவரும் துணியவில்லை என்றார்.

நான் முதலில் குழுவை நிறுத்தினேன். புதுப் பதிவு எதுவும் போட முடியாதபடி பூட்டினேன். அதற்கு எனக்குக் கிடைத்த வசவுகளை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியது ஒன்று உண்டு: "பஸ்ஸுக்கு நேரம் எழுதுன ஆளு, குளத்துக்கும் நேரம் எழுதுதீரா வே?" படித்துக் காட்டியபோது என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். உடைந்த கரையில் மண் கரைந்து செக்கச்செவேலென்று தண்ணீர் அடிக்கும். இதில் தண்ணீர் ஒரே மட்டமாக, கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு விழுந்தது. இது உடைப்பு இல்லை, மறுகால்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த ஊர்? மரம் இல்லை, கோயில் இல்லை, போர்டு இல்லை. கற்கள் மட்டும்தான். வேறு எதுவும் இல்லாததால் கற்களை எண்ணினேன். பதினான்கு. இரண்டாம் முறை எண்ணியபோது பதினைந்து. ஓரத்தில் ஒரு கல் சாய்ந்து, பாதி தண்ணீருக்குள் இருந்தது. மருந்துக்கடைப் பெண்ணைத் தனியாக எண்ணச் சொன்னேன், நான் எண்ணியதைச் சொல்லவில்லை. அவளும் பதினைந்து என்றாள்.

வாசலில் நிற்கிற ஆயிரக்கணக்கான பேரை ஒரு தொல்லை என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குளம் தெரியும். குழுவில் ஒரே ஒரு பதிவு போட்டேன், பதில் எழுத மட்டும் எல்லாருக்கும் வழி விட்டேன்.

"உங்கள் ஊர்ப் பெரியகுளத்து மறுகாலில் எத்தனை கல் நட்டிருக்கிறது? ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் எழுதவும். முடிந்தவர்கள் இப்போது கல்லடிக்குத் தண்ணீர் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும். கரையில் ஏற வேண்டாம், தள்ளி நின்று பார்க்கவும்."

முதல் ஐந்து நிமிடம் கேலிதான். பரீட்சை வைக்கிறார் என்று ஒருவர். எங்க குளத்தையே காணோம், கல்லை எங்கன போய் எண்ண, என்று இன்னொருவர். அதற்கு மட்டும் நானூறு பேர் சிரிப்பு போட்டிருந்தார்கள். பிறகு எண்கள் வர ஆரம்பித்தன. ஏழு. பதினொன்று. எங்க ஊரில் கல் கிடையாது, சிமெண்டு. ஏழு இல்லை, எட்டு, ஒன்றைப் புதர் மூடியிருக்கிறது. துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊரில் உள்ளவர்களைக் கூப்பிட்டுக் கேட்டு எழுதினார்கள். பயந்து வந்தவர்கள் எல்லாரும் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். எண்ணுகிறவனுக்குப் பயப்பட நேரம் இருக்காது. இதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

மருந்துக்கடைப் பெண் வருகிற எண்களை ஊர் வாரியாகப் பிரித்தாள். ஊர்ப் பெயர் இல்லாதவற்றை நான் நீக்கினேன். இருபத்திரண்டாம் நிமிடத்தில் கரிவலம்வந்தநல்லூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதில் வந்தது: "பதினஞ்சு. ஒண்ணு சாஞ்சு கெடக்கும். டிராக்டர் வச்சு இடிச்சது எங்க சித்தப்பா." கீழே படம். அதே கற்கள், அதே சாய்வு. குளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஊரே வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று எழுதியிருந்தார்.

ஷார்ஜாவுக்கு அனுப்பினேன். உடனே கேட்டார்: "வீடியோ அந்த ஊருன்னு ஆயிட்டு, சரி. எங்க குளம் நல்லாருக்குன்னு யாரு பாத்தா, அண்ணாச்சி?"

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். பதில்களில் கடையநல்லூரைத் தேடினேன். ஒன்பது கல் என்று ஒருவர் எழுதியிருந்தார், ஜவுளிக்கடைக்காரர். பார்த்து எழுதினீர்களா, நினைவிலிருந்தா என்று கேட்டேன். நினைவிலிருந்துதான் என்றார், இப்போது போய்ப் பார்க்கிறேன் என்றார். வேண்டாம் என்று நான் எழுதி முடிப்பதற்குள் மோட்டார் சைக்கிளில் போய்விட்டிருக்கிறார். எட்டு நிமிடத்தில் படம் வந்தது. ரோட்டுப் பாலத்தில் நின்று எடுத்திருந்தார், ஓரத்தில் அவர் குடையின் கம்பி தெரிந்தது. ஒன்பது கல்லும் அடிவரைக்கும் தெரிந்தன, இரண்டு முறை எண்ணினேன். தண்ணீர் கல்லடிக்கு வரவே இன்னும் ஒரு முழம் வேண்டும். கரை முழுசாக இருந்தது. அந்தக் குளம் நிறையக்கூட இல்லை.

படத்தை அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்தது, அவருக்குப் போய்ச் சேரவில்லை. இணையத்தில் கூப்பிட்டேன், போகவில்லை. ஆட்டோ வந்திருக்கும். கைபேசி மறுபடி சுட்டது.

என் வீட்டில் ஒரு லேண்ட்லைன் இருக்கிறது. அதை ஒப்படைத்துவிடச் சொல்லி என் மனைவி ஐந்து வருஷமாகக் கேட்கிறாள். மழை வந்தால் செத்துப்போகிற போன் அது. அன்றைக்கு உயிரோடு இருந்தது. என் கைபேசியில் இல்லாத, வெளிநாட்டுக்குப் பேசும் வசதியை அதற்கு என்றைக்கோ வாங்கி, ஒரு நாளும் பயன்படுத்தாமல் வைத்திருந்தேன். ஷார்ஜா எண்ணைச் சுழற்றினேன். முதல் முறை பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. இரண்டாம் முறை எடுத்தார்.

"தம்பி, தூக்காதீங்க" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஒன்பது கல்லும் நிக்கு. தண்ணி கல்லடிக்கே வரல. நேர்ல பாத்து எடுத்த படம் எங்கிட்ட இருக்கு."

போனை வைக்க வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, இன்னொரு போனில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசினார். அவர் கடைக்குள் யாரோ சில்லறை கேட்பதும், அவர் "இறக்குங்க, மெல்ல இறக்குங்க" என்று சொல்வதும் கேட்டது. நாற்காலியோடு வாசல் படிவரைக்கும் தூக்கிவிட்டிருக்கிறார்கள். என் பார்வை கடிகாரத்துக்குப் போயிற்று, நிமிடத்துக்கு நிமிடம் காசு ஏறுகிறதே, வைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். வைக்கவில்லை. உம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்தாயிற்று என்று சொன்னார். உம்மாவே கேட்டதாக ஒன்றும் சொன்னார்: "எண்ணுனது யாருன்னு கேக்காவ. ஒண்ணும் விடாம எண்ணுனாரான்னு கேக்காவ."

இரண்டு முறை எண்ணியிருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்றேன்.

மத்தியானத்துக்குள் கூட்டம் வடிந்துவிட்டது. செம்பருத்திப் பூக்காரர் மூன்று மணிக்குப் பதில் போட்டார். மழையில் நனையும் என்று கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வயலுக்குப் போயிருந்தாராம், என்ன விஷயம் என்று கேட்டிருந்தார். மருந்துக்கடைப் பெண் அவருக்கு எழுதிய பதிலை நான் படித்தேன், அனுமதிக்கவும் செய்தேன். எங்கள் குழு விதிகளில் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தோம்: ஊர்ப் பெயர் இல்லாத குளம் குளம் ஆகாது. சண்டை போட்டுவிட்டுப் போனவர்களில் பலர் திரும்பி வந்து பஸ் நேரம் கேட்கிறார்கள். சரியாகச் சொல்கிறேன்.

முப்பத்தோரு வருஷ வேலையில் எனக்கு யாரும் சால்வை போட்டதில்லை. போட வேண்டிய வேலையும் அல்ல அது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது. நான் மட்டும் அல்ல, மூன்று பேர், அப்புறம் கல் எண்ணிய அத்தனை பேர்.

அடுத்த மாதம் போன் பில் வந்தது. வழக்கமாக நான் ஒவ்வொரு வரியையும் அடித்துக் கேள்வி கேட்பேன். இந்த முறை வாடகையை விட்டுவிட்டு ஒரு வரியை மட்டும் என் மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுப் படித்தாள், போனை ஒப்படைக்கும் பேச்சை எடுக்கவில்லை. வெளிநாட்டு அழைப்பு ஒன்று, நான்கு நிமிடம், நிமிடத்துக்குப் பன்னிரண்டு ரூபாய், அதற்குப் பதினெட்டு சதவீத வரி. கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது: ஐம்பத்தாறு ரூபாய் அறுபத்து நான்கு காசு.