புகையில்லாத தணல்

எங்கள் வீட்டில் நெருப்புக்கு நான்கு விதிகள் இருந்தன. காற்று வைக்கோல்போர் பக்கம் அடித்தால் பற்றவைக்கக் கூடாது. அருகில் ஒரு குடம் தண்ணீர் இருக்க வேண்டும். பாவாடையைத் தூக்கிச் செருகாமல் கிட்டே போகக் கூடாது. தணல் கிடக்கும்போது எல்லோரும் உள்ளே போய்விடக் கூடாது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் இவற்றை வரிசை மாறாமல் சொல்வாள். அந்தக் கரிநாளில் நான்கில் ஒன்றைக்கூட நாங்கள் மீறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒன்பது வயது. ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. சானமாவுக் காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் தை மாதக் குளிர் பல்லைக் கிட்டவைக்கும். பொங்கல் முடிந்த கரிநாளில் அப்பா ஆடு அறுத்தார். தலையையும் கால்களையும் கொல்லையில் தீ மூட்டி வாட்டினார். மயிர் கருகிய புகை நேராக வேலியைத் தாண்டிப் போயிற்று.

வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை வீடு. அத்தை என்பது அழைக்கும் முறைக்கு மட்டும். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ். வேலியோரம் இருந்த சின்ன அறையில், பிள்ளை பெற்றுப் பதினோரு நாளான அத்தையின் மகள் படுத்திருந்தாள். அவளை நான் அக்கா என்பேன்.

அத்தை வேலிக்கு வந்து நின்றாள். “ஏம்மா, ஆடு உங்களுக்கு, பொகை எங்களுக்கா? பச்சப்புள்ள இருமி இருமி மூஞ்சி செவந்து கெடக்குது. கறியத்தான் குடுக்கல, பொகையவாவது நீங்களே வெச்சிக்கக் கூடாதா?”

“நெருப்புன்னா பொகையாம பன்னீரா தெளிக்கும்?” என்று அப்பா முணுமுணுத்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தோணவே இல்லக்கா. இனிமே ஒரு இழை பொகை வராது, பாருங்க” என்றாள்.

சொன்னபடி செய்தாள். தீயைக் கொல்லையின் மறுகோடிக்கு மாற்றினாள். புளியங்கட்டைகளை எரியவிட்டு, புகை முழுக்க அடங்கி வெறும் தணலாகும் வரை காத்திருந்த பிறகுதான் கறித் துண்டுகளைச் சுடத் தொடங்கினாள். சுவரொட்டி என்கிற மண்ணீரலையும் அதில்தான் சுட்டாள். ஆட்டுக்கு ஒன்றே ஒன்று உண்டு. ரத்தம் ஊறும் என்பார்கள். வருடாவருடம் அது அப்பாவின் பங்கு. அந்த வருடம் அதை இலையில் வைத்து வேலிக்கு எடுத்துப் போனாள்.

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. “அடிப்பாவி, வூட்டுக்காரர் பங்கையே புடுங்கிட்டு வந்துட்டியா?”

“பச்ச ஒடம்புக்காரி பக்கத்துல இருக்கறப்ப அவருக்கு எப்பிடிக்கா செரிக்கும்?”

இருவரும் சிரித்தார்கள். போகும்போது அத்தை கேட்டாள்: “அப்பிடியே கொஞ்சம் தணல் குடேன். அந்த ரூமுல குளுரு தாங்கல. வெறகு வெச்சா பொகையுது, புள்ளைக்கு ஆகல.”

அம்மா ஒரு சட்டி நிறைய நல்ல தணலாகப் பொறுக்கிப் போட்டாள். புகைந்த ஒரு கட்டியைக்கூட ஒதுக்கிவிட்டாள். பொழுது சாயும் நேரத்தில் அதைக் கொண்டுபோனது நான். தூளியிலிருந்து இரண்டு முழம் தள்ளிச் சட்டியை வைத்தேன். மூலையில் ஒரு கோழி கூடைக்குள் அடைகாத்துக்கொண்டிருந்தது. சன்னலைக் குளிருக்காக வைக்கோல் திணித்து அடைத்திருந்தார்கள்.

“கதவ நல்லா சாத்திட்டுப் போ கண்ணு” என்றாள் அக்கா.

சாத்தினேன். கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. வெளியே கிடந்த சாக்கை மடித்து அதில் திணித்தேன். அது மட்டும் யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது.

விடிந்ததும் அத்தையின் அலறல் கேட்டது. அலறல் தெலுங்கில் இருந்தது. நாங்கள் ஓடியபோது குழந்தை அத்தையின் மடியில் அசையாமல் கிடந்தது. அக்கா வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அம்மாவைக் கண்டதும் அத்தை தமிழுக்கு மாறினாள்.

“என்னாத்தடி குடுத்தே எம்பொண்ணுக்கு? பொகையப் பத்திக் கேட்டேன்னு கறியில மருந்து வெச்சிட்டியா? பாலு வழியா புள்ளைக்கு எறங்கியிருக்குது!”

அம்மா வாய்க்கு வாய் கொடுப்பவள். கிணற்றடியில் ஒரு சொல் தவறாக வந்தால் அன்று யாரும் தண்ணீர் இறைக்க முடியாது. “அதே ஆடு, அதே தணலு. சுவரொட்டியில ஒரு துண்டு நான் வாயில போட்டுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். எனக்கு என்னா ஆச்சி? பெத்த வயிறு எனக்கும் இருக்குது, பாத்துப் பேசு!”

கூடியிருந்த பெண்களில் பாதிப் பேர் அம்மா பக்கம்தான். அந்த நேரத்தில் யாரோ இடம் ஒதுக்குவதற்காகக் கூடையைத் தூக்கினார்கள். கோழி முட்டைகளின் மேலேயே கழுத்து தொங்கிச் செத்திருந்தது. சாவு வீட்டில் கோழியை யார் கவனிப்பார்கள்? அம்மா மட்டும் பார்த்தாள். பிறகு சட்டியைப் பார்த்தாள். பிறகு கதவோரம் சுருண்டு கிடந்த சாக்கைப் பார்த்தாள்.

என் கையைப் பிடித்து வேலிக்கு இந்தப் பக்கம் இழுத்து வந்தாள். “அந்தச் சாக்க ஆரு வெச்சது?”

“நாந்தாம்மா. குளுரு பூராத மாதிரி நல்லா அடைச்சேன்.”

பாராட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள். “சாக்கப் பத்தி வாயத் தெறக்காத. செத்தாலும் தெறக்காத.”

திரும்பிப் போய் அத்தையின் முன்னால் உட்கார்ந்தாள். “அக்கா, கறியிலதான் என்னமோ இருந்திருக்கும். பித்துப்பை ஒடஞ்சி பட்டிருக்கும். நான் சரியாக் கழுவல” என்றாள்.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா பக்கம் பேசிய பெண்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டுக் கறியை ஊரில் யாரும் வாங்கவில்லை. அத்தை வேலியை ஆள் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினாள். கிணற்றடியில் என்ன பேச்சு விழுந்தாலும் அம்மா குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவாள்.

பத்து ஆண்டு கழித்து, பாலிடெக்னிக்கில் உலைகளின் பாதுகாப்பு பற்றிய பாடம். அடைத்த அறையில் கரி எரிந்தால் உண்டாகும் வாயுவின் தன்மைகளை ஆசிரியை சொல்லச் சொல்ல எண் போட்டு எழுதினேன். ஒன்று, நிறமில்லை. இரண்டு, மணமில்லை. மூன்று, புகையில்லை. நான்கு, தலைவலி, வாந்தி. ஐந்து, சிறிய உடம்புகளை முதலில் கொல்லும். ஐந்தாவதை என்னால் எழுதி முடிக்க முடியவில்லை.

அம்மாவுக்கு அந்த வாயுவின் பெயர் தெரியாது. கோழி கறி தின்னவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஒன்பது வயதில் எனக்குப் புரிந்தது வேறு. அம்மா கறியைச் சரியாகக் கழுவவில்லை, அதனால் ஒரு குழந்தை செத்துவிட்டது. அவளே எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டாள். நான் நம்பினேன். அதற்குப் பின் அந்தப் பத்து ஆண்டும் ஒவ்வொரு கரிநாளிலும் அவள் என் தட்டில் வைத்த துண்டை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, தட்டைக் கழுவக் கொண்டுபோவாள்.