முன்சக்கரத்து எலுமிச்சை

"ஜூன் 17, செவ்வாய். காலை 6.10, பிரிக்பீல்ட்ஸ். செல்வம் முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சை வைத்து லோரியை எடுத்தான். 7.25, கிள்ளானில் இறங்கினேன்."

இந்தக் குறிப்புள்ள டைரியோடு ஆகஸ்ட் 24, ஞாயிறு காலை 9.05-க்கு கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறினேன். பதினோரு வருடம் இதே ஊருக்குச் செல்வத்தின் லோரியில்தான் போனேன். எனக்குக் கிள்ளானில் வேலை, அவனுக்குக் காப்பாரில் சரக்கு. பழைய பாட்டு, கண்ணாடியோரம் ஆடும் மல்லிகைச் சரம், வழியில் இரண்டு வெள்ளிக்குத் தேநீர். ரயிலில் குளிர்சாதனம் உண்டு, பேச்சுத்துணை இல்லை.

ஜூன் 17 அன்று நான் இறங்கிய பிறகு, காப்பார் சாலையில் ஒரு மோட்டார்சைக்கிள் சறுக்கியது. ஓட்டியவர் செல்வத்தின் கண்ணெதிரே இறந்தார். லோரி அவர்மேல் படவேயில்லை. ஆனாலும் அன்றிலிருந்து செல்வம் சாவியைத் தொடவில்லை. ஹாரன் கேட்டாலே வியர்க்கிறது. தூக்கமும் இல்லை. அன்றைய எலுமிச்சையைப் பற்றியே புலம்புகிறான் என்று அவன் மனைவி போனில் சொல்லியிருந்தாள்.

10.20. கிள்ளானில் செல்வம் இப்போது தங்கியிருக்கும் வீடு. அவன் மனைவி சாந்தி கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணே. செவ்வாய்க்கிழமை கிளினிக்ல அப்பாயின்மென்ட். போகமாட்டேங்கிறாரு."

"டாக்டருக்கு என்னா தெரியும்?" என்றான் செல்வம். "பாத்த அதிர்ச்சிதானாம். அன்னிக்கு நான் பழம் வைக்க மறந்துட்டேண்ணே. அதான் செத்தவரோட ஆவி புடிச்சிக்கிச்சி. இதுக்கு மாத்திரையா?"

"பக்கத்து வீட்டு மலாய் ஆன்டி, பயத்துல செமாங்காட், அதான் உயிர்ச்சத்து, ஒடம்ப விட்டுப் போயிருச்சு, திரும்பக் கூப்பிடணும்ங்கிறாங்க. எங்கம்மா இவருக்கு மனசுல பலம் பத்தலங்கிறாங்க. வர்றவங்க எல்லாம் டாக்டர்தான் லா!" என்றாள் சாந்தி.

அவரவர் வளர்ந்த வீடு கற்றுத்தந்த காரணம் அது. எந்தக் காரணத்தை நம்புகிறோமோ, அதற்குரிய வாசலைத்தான் தட்டுகிறோம். செல்வம் நம்பிய காரணம் மட்டும் அவனையே குற்றவாளி ஆக்கியிருந்தது.

டைரியை நீட்டினேன். வரியின் கீழ் விரல் வைத்து இரண்டு தடவை படித்தான்.

"வச்சேனா?"

"எழுதியிருக்கே."

"அப்ப ஏண்ணே எனக்கு இப்படி ஆவுது?"

சாந்தி முந்திக்கொண்டு சொன்னாள்: "அதத்தான் செவ்வாய்க்கிழமை போயி கேளுங்கன்றேன்."

டைரியை மூடி என்னிடம் தந்துவிட்டு, "அண்ணே வந்தா போறேன்," என்றான்.

மாலை 3.40. திரும்பும் ரயில். முன்பெல்லாம் இந்நேரம் அவன் பாட்டை மாற்றச் சொல்லி என்னைத் திட்டிக்கொண்டிருப்பான். டைரியின் முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். அவனோடு போன ஒவ்வொரு நாளும் எலுமிச்சை பற்றிய அதே வரி, அதே சொற்கள். நான் எழுதுவது எப்போதும் மாலையில், வீடு திரும்பிய பிறகு. ஜூன் 17 காலை அவன் பழம் வைத்ததைக் கண்ணால் பார்த்தேனா, பழக்கத்தில் கை எழுதிவிட்டதா? நினைவில்லை. இது இன்னும் உறுதி செய்யப்படவில்லை.