இரண்டு கையெழுத்துகளுக்கு நடுவே

பெர்மெத்தின் வேலை ஒரு கையெழுத்தில் தொடங்கி இன்னொரு கையெழுத்தில் முடிகிறது. விமானப் படிக்கட்டுக்குக் கீழே பணிப்பெண் நீட்டும் தாளில் அவள் முதல் கையெழுத்தைப் போடுவாள். அந்த நொடியிலிருந்து குழந்தை அவளுடையது. வருகை வாசலில் உரியவர் வந்து இரண்டாவது கையெழுத்தைப் போட்டு வாங்கிக்கொள்ளும் வரை அதன் பசி, மூக்கு, காலணிக் கயிறு, அழுகை எல்லாம் அவள் பொறுப்பு.

தலைநகர் பிஷ்கேக்கின் விமான நிலையத்தில் ஒன்பது ஆண்டுகளாக இதைச் செய்கிறாள். தனியாகப் பறந்து வரும் குழந்தைகளுக்கு அலுவலகத்தில் பதிவேடு உண்டு. அது போதாதென்று தானும் ஒரு நோட்டுப் போட்டு எண் கொடுத்து எழுதிவருகிறாள். போன மார்ச் மாதத் தொடக்கத்தில் அந்த எண் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. அதில் ஒரு குழந்தைகூடக் கை மாறிப் போனதில்லை.

அத்-பாஷி என்ற மலையூரில் பிறந்து, பள்ளி முடித்த கையோடு நகரத்துக்கு வந்தவள். முதலில் கிடைத்தது விமான இருக்கைகளைத் துடைக்கும் வேலை. ஒருநாள் எல்லோரும் இறங்கிப்போன விமானத்தின் கடைசி வரிசையில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் இருக்கைப் பட்டையைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தான். அவனுடைய தாள் எங்கே, அவன் யார் கணக்கு என்று மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் பெர்மெத் துடைக்கும் துணியைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தபடி நின்றாள். வேலைநேரப் பொறுப்பாளர் தோலோன் அதைப் பார்த்தார். மறுவாரம் அவளுக்குச் சீருடை கிடைத்தது.

அவளுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. சீருடையின் வலப் பையில் கைக்குட்டை, இடப் பையில் நான்கு குருத். உப்பிட்டுக் காயவைத்த அந்தத் தயிர் உருண்டையைக் குழந்தை கேட்டால் தருவாள், கேட்காவிட்டால் தரமாட்டாள். பிறகு மூன்று கேள்விகள், எப்போதும் அதே வரிசையில்: ஒண்ணுக்குப் போகணுமா, பசிக்குதா, கூட்டிட்டுப் போக யார் வருவாங்க?

அந்த வியாழக்கிழமை, தெற்கே பட்கென் ஊரிலிருந்து வரும் விமானம் மூன்று இருபதுக்கு இறங்கியது. தனியாக வந்தது ஒரே ஒரு குழந்தை. சைகல் என்ற ஏழு வயதுப் பெண். கழுத்தில் சிவப்புப் பை தொங்கியது. இரண்டு காதையும் மூடித் தலையில் கம்பளித் துணி கட்டியிருந்தார்கள். பெர்மெத் இடப்பக்கம் குனிந்து பேசினாள். குழந்தை திரும்பவே இல்லை. சுற்றி வந்து வலப்பக்கம் குனிந்தாள்.

"ஒண்ணுக்குப் போகணுமா?"

"ஏறும்போதே போயிட்டேன்."

"பசிக்குதா?"

"இல்ல. அந்த அக்கா மிட்டாய் குடுத்தாங்க. ரெண்டு."

"யார் வருவாங்க?"

"பெரியப்பா. நாளைக்கு என் காதைக் கிழிப்பாங்களாம். இன்னிக்கே ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கணுமாம்."

பைக்குள் மருத்துவமனைச் சீட்டு இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் காது மருத்துவர் அந்த வாரம் மட்டும்தான் இருப்பார். மாலை ஆறு மணிக்குள் சேர்க்காவிட்டால் கட்டில் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். பிறகு இலையுதிர் காலம் வரை காத்திருக்க வேண்டும். பெர்மெத் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தெட்டு. நேரம் தாராளமாக இருந்தது.

வாசலில் தடுப்புக்கு அப்பால் ஆட்டுத்தோல் கோட்டு போட்ட பெரிய ஆள் ஒருவர் இரண்டு கையையும் ஆட்டினார். குழந்தை ஆட்டவில்லை. பெர்மெத் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கித் தாளோடு சேர்த்துப் பிடித்தாள். அட்டையில் இருந்தது: கல்மாமத் எர்கேஷோவ். தாளில் 'பெறுபவர்' என்ற இடத்தில் இருந்தது: மிர்சா எர்கேஷோவ்.

"மிர்சா உங்க தம்பியா அண்ணே?"

"எந்த மிர்சா? எங்க வீட்ல அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்ல. எம்மா, பிள்ளைய விடு. டாக்ஸி நிக்குது."

"தாள்ல வேற பேர் இருக்கு. குடுக்க முடியாது."

"நான் என்ன பிள்ள புடிக்கிறவனா? எழுதினவன் கண்ணு தெரியாம எழுதியிருப்பான். போன் நம்பரப் பாரு, என்னோடதுதான்!"

எண்ணை அழுத்தினாள். அவர் சட்டைப் பையில் மணி அடித்தது. அவர் வெற்றியோடு அதை எடுத்துக் காட்டினார். அதற்குள் தோலோன் வந்துவிட்டார்.

"போன் யார் பையில வேணா அடிக்கும்" என்றார் அவர். போன வருடம் மனைவியிடமிருந்து பிரிந்த ஒருவன் மச்சானின் தொலைபேசியோடு வந்து மகனைக் கேட்டு நின்றது இருவருக்குமே நினைவில் இருந்தது. அதன் பிறகு விதியை இறுக்கிவிட்டார்கள். பெயர் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், அனுப்பியவரே குரல் பதிவாகும் தொலைபேசியில், இரண்டு ஊழியர் கேட்க, பெறுபவரின் பெயரைத் தம் வாயால் சொல்ல வேண்டும்.

பெர்மெத் குழந்தையின் வலக் காதருகே குனிந்தாள். "இது யாருடா கண்ணு?"

சைகல் நிமிர்ந்து நிதானமாகப் பார்த்தாள். "தெரியல. பெரியப்பாவுக்கு மீசை இருக்கும்."

"போன மாசம்தான எடுத்தேன்!" என்று அலறினார் அவர். "மூணு வருஷம் கழிச்சுப் பாக்குறா. மீசைய வெச்சா ஆளக் கண்டுபிடிக்கிறது?"

"பெரியப்பா பேர் என்ன?"

"பெரியப்பாதான்" என்றாள் குழந்தை, இவ்வளவுகூடத் தெரியாதா என்ற முகத்தோடு.

அப்போதுதான் பெர்மெத்துக்குப் பொறி தட்டியது. தாளில் அனுப்பியவர் இடத்தில் இருந்தது தாயின் பெயர், சுல்பியா. அவளுக்கு இவர் கணவனின் அண்ணன். வாழ வந்த வீட்டில் மாமனார் பெயரையும் கணவனின் அண்ணன்மார் பெயரையும் மருமகள் வாயால் சொல்லமாட்டாள். தானாக ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுவாள். பெர்மெத்தே தன் கணவனின் அண்ணனைப் பன்னிரண்டு வருடமாக 'வெள்ளை அண்ணன்' என்றுதான் அழைக்கிறாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க தம்பி சம்சாரம் வீட்ல உங்கள எப்படிக் கூப்பிடும்?"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். காது மடல் சிவந்தது. "மிர்சா அண்ணன்னு… மிர்சான்னா துரைதான? நான் பெரிய துரைன்னு நெனப்பு அதுக்கு. அடக் கடவுளே, அதையா எழுதிக் குடுத்திருக்கு?"

பட்கென் விமான நிலைய முகப்பில் தாள் எழுதும் பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகாதவள். தாய் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டுவிட்டாள்.

பெர்மெத் சுல்பியாவை அழைத்தாள். தோலோன் ஒலிபெருக்கியைப் போட்டார். கைக்குழந்தையின் அழுகை முதலில் வந்தது. பிறகு மெல்லிய குரல்.

"அக்கா, பிள்ள வந்துட்டாளா?"

"வந்துட்டா, நல்லா இருக்கா. சுல்பியா, கூட்டிட்டுப் போறவர் பேர நீ சொல்லணும்மா. அட்டையில இருக்கிற பேரு."

"அவங்கதான் அக்கா. மிர்சா அண்ணன்."

"அது நீ வெச்ச பேரு. அவங்கம்மா வெச்ச பேர் வேணும்."

"மாமனார் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க" என்று குரல் இன்னும் தாழ்ந்தது. "எழுதி அனுப்பட்டுமா?"

தோலோன் கூடாது என்று தலையை ஆட்டினார். "எழுத்து யார் வேணாலும் எழுதுவாங்க. குரல் வேணும்."

"அப்போ நான் நாலு பேர் சொல்றேன்" என்றாள் பெர்மெத். "சரியான பேர் வந்ததும் ஒரு இருமல் இருமு."

"இருமலப் பதிவேட்டுல நான் என்னன்னு எழுதுறது?" என்றார் தோலோன். அவருக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. மணி நான்கு ஐந்து. மருத்துவமனை நகரத்தின் மறுகோடியில் இருந்தது.

பெர்மெத்துக்கும் விதியை விட மனமில்லை. இவர்தான் பெரியப்பா என்று அவளுக்கு இப்போது முக்கால்வாசி தெரியும். மிச்சக் கால்வாசிக்காகத்தான் அந்தத் தாளே இருக்கிறது என்பதும் தெரியும்.

"சுல்பியா, கைக்குழந்தைய மாமனார்கிட்ட குடுத்துட்டு முற்றத்துக்குப் போ."

கதவு கிரீச்சிட்டது. ஆடு கத்தியது. "வந்துட்டேன் அக்கா. ஆனா… அவங்க அங்கதான நிக்கிறாங்க? காதுல விழுமே. பதினொரு வருஷமா ஒரு தடவகூட நான் சொன்னதில்ல."

ஆட்டுத்தோல் கோட்டுக்காரர் அதைக் கேட்டார். இதுவரை போட்ட சத்தமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமினார்.

"எம்மா, அதுகிட்ட சொல்லு. நான் மனசாரச் சொல்றேன், பேரச் சொல்லலாம். பிள்ள காது பெருசா, என் பேரு பெருசா?"

"கேட்டியா? அண்ணனே சொல்லிட்டாரு."

"கேட்டேன். ஆனா வாய் வரல அக்கா" என்ற குரலில் அழுகை முட்டியது.

அவர் தடுப்பை விட்டு விலகினார். தொப்பியை எடுத்துக் காது வரை இறக்கினார். கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போய், டாக்ஸிகளுக்கு அப்பால் பனி ஒதுக்கிவைத்த மேட்டுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றார். டாக்ஸிக்காரன் ஏதோ கேட்க, கையை மட்டும் அசைத்தார்.

"வெளிய போயிட்டாரு சுல்பியா. ரொம்ப தூரத்துல நிக்கிறாரு. முதுகுதான் தெரியுது. இங்க நானும், பொறுப்பாளரும், உன் பொண்ணும்தான்."

முற்றத்துக் காற்று தொலைபேசியில் அடித்தது. பிறகு, சுடுகிற எதையோ துப்புவதைப் போல ஒரே மூச்சில் வந்தது:

"கல்மாமத்."

"முழுசா."

"கல்மாமத் எர்கேஷோவ். மீசை இருக்கும்."

"மீசை இல்லம்மா, எடுத்துட்டாரு" என்றார் தோலோன், எழுதிக்கொண்டே.

"ஐயோ" என்றாள் சுல்பியா. பிறகு மூவரும் சிரித்துவிட்டார்கள்.

நான்கு பதினேழுக்கு இரண்டாவது கையெழுத்து விழுந்தது. கல்மாமத் உள்ளே வந்தபோது யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "சொல்லிட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

"சொல்லிட்டா."

"ம்" என்றார். ஐந்து முப்பத்தைந்துக்கு மருத்துவமனையிலிருந்து பெர்மெத்துக்கு ஒரு செய்தி வந்தது. கட்டில் கிடைத்துவிட்டது. வேலைநேரம் முடிந்து முப்பத்தைந்து நிமிடமாகியும் அவள் அதற்காகத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நோட்டில் எழுதினாள்: 2317, சைகல், பட்கென். பக்கத்தில் பெரியப்பாவின் இரண்டு பெயரையும் எழுதினாள்.

மறுநாள் பட்கென் முகப்புக்கு ஒரு குறிப்பு போனது. அனுப்புகிறவர் வீட்டு மருமகளாக இருந்தால் பெயரைக் கேட்காதே, பெறுபவர் அட்டையின் நகலைக் கேள் என்று. கீழே தோலோனின் கையெழுத்து இருந்தாலும் சொற்கள் பெர்மெத்தினுடையவை.

பன்னிரண்டு நாள் கழித்துக் கல்மாமத் சைகலைத் திருப்பியனுப்ப வந்தார். இடக் காதின் மேல் வெள்ளைக் கட்டு இருந்தது. மீசை மறுபடி முளைக்கத் தொடங்கியிருந்தது. இந்த முறை அனுப்புகிறவர் அவர். தாளில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார்.

"பெறுபவர்?" என்று கேட்டாள் பெர்மெத்.

"சுல்பியா எர்கேஷோவா. அட்டையிலயும் அப்படியேதான் இருக்கு, நகல் இந்தா." அவர் நிமிர்ந்தார். "அது பேரச் சொல்ல எனக்கு ஒரு தடையும் இல்லம்மா."

"அதுதான அண்ணே எங்க வயித்தெரிச்சல்."

அவர் சிரித்தார். சைகல் பெர்மெத்தின் கையை இழுத்தாள். "அந்தப் பையில என்ன வெச்சிருக்க?"

கேட்டுவிட்டதால் ஒரு குருத் கிடைத்தது. பெர்மெத் தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். மணி பதினொன்று நாற்பது. குழந்தை அவளுடையதாயிற்று.