சீனத்து அம்மாவின் விசாரணை

லண்டனின் ரெய்னர்ஸ் லேனில் சாப்பாட்டுக்கடை தொடங்கியபோது எனக்கு ஓர் ஆசை வந்தது. சீனர்கள் ஆவியில் அவிக்கும் மூங்கில் கூடைகளில் இடியப்பம் அவித்துப் பார்க்க வேண்டும். வட லண்டனில் மொத்தக்கடை வைத்திருந்த ஒரு சீனத்து அம்மாவிடம் போய் விலை கேட்டேன். அவர் தேநீர் ஊற்றி, "உன் அம்மா நலமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அடுத்த கிழமையும் தேநீர்தான். என் கணவர் எப்படிப்பட்டவர், மாமியாரோடு பேச்சுவார்த்தை உண்டா என்றெல்லாம் விசாரித்தார். கூடையைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

மோர்டனில் மளிகைக்கடை நடத்தும் என் தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அக்கா, அவ தன்ரை மகனுக்கு உங்களைப் பொம்பிளை பாக்கிறா போல."

"வாயை மூடடா. நான் திரும்பவும் போறன்."

போனேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னார். உணவகத்தில் பெரிய வட்டமேசை. சுற்றிவர அவருடைய சொந்தக்காரர்கள். ஒருவர் இறால் இறக்குமதி, இன்னொருவர் அரிசி. முழு மீன் ஒன்று வந்தது. அதன் தலையை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். விருந்தாளிக்கு மரியாதையாம். எல்லாக் கண்களும் என்மேல்.

மீன்தலைக்கு உடன்பிறந்தவர்களோடு அடிபட்டு வளர்ந்தவள் நான். கையால் எடுத்து, கண்ணில் தொடங்கி, எலும்பு வரை உறிஞ்சி முடித்தேன்.

எதிரே இருந்த கிழவர் பெருமூச்சு விட்டார். "வழக்கமாக விருந்தாளிகள் பயந்துபோய் அதை எனக்குத் தந்துவிடுவார்கள்." மேசையே குலுங்கிச் சிரித்தது.

மறுநாள் காலை கடை வாசலில் வான் நின்றது. கேட்ட கூடைகளோடு, கேட்காத இறாலும் வந்திருந்தது.

சில மாதங்களின் பின் சீனத்து அம்மா போன் எடுத்தார்.

"மோர்டனிலிருந்து ஒருவர் சாமான் கேட்டு வந்திருக்கிறார். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூக்கு அப்படியே உன் மூக்கு. நம்பலாமா?"

கேலி செய்த வாயால் என்னிடம் உதவி கேட்கத் தம்பிக்கு வெட்கம் போலும். எனக்குக் குறும்பு தலைக்கேறியது. தேநீர் ஊற்றி விசாரித்தீர்களா என்று கேட்டு அந்த அம்மாவைத் தவிக்கவிட்டேன்.

"அவசரக்காரன். ஆனால் நல்லவன். நான் பொறுப்பு" என்றேன்.

அன்று பின்னேரமே தம்பி என் கடைக்கு வந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வடை ஒன்றைக் கடித்தான்.

"உங்களுக்கு எவ்வளவு காலம் எடுத்தது, அக்கா! நான் ஒரே நாளிலை பேசி முடிச்சிட்டன். எல்லாம் கதைக்கிற விதத்திலைதான் இருக்கு."

"ஓமடா, உன்ரை வாய் அப்பிடி" என்று சொல்லி, அவனுக்கு இன்னொரு வடை வைத்தேன்.